வலது கை பிரேக்

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவது என் வேலை. மரத்தில் ஏறி விழுந்தவன், படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கியவள், பந்தைப் பிடிக்கப் போய் சுவரைப் பிடித்தவன் என்று தினமும் எனக்கு முன்னால் ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். கூட வரும் அப்பாக்களில் பலர், "விளையாடும்போது விழுந்துட்டான்" என்று சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமை தட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி என்னவோ பிள்ளைக்கு, மார் நிமிர்த்துவது இவர். வாளியில் பட்டையை நனைத்துக்கொண்டே நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்தே நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன் என்பாள் என் அக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் மனிதர்களை முகமாகப் பார்ப்பதில்லை, எலும்பாகத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் ஒரு குழந்தை படியில் நின்றால், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்று அதன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த அக்கா மகள் சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறாள். பதினோரு வயது. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். அவளுடைய சைக்கிள் கிளப்பில் இருக்கும் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் மாவுக்கட்டு மாமா. வாசலில் என்னைக் கண்டாலே, "மாமா வந்துட்டாரு, யாருக்கோ உடையப் போகுது" என்று கத்துவார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

போன பருவத்தில் உண்மையாகவே உடைந்தது, அதுவும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கே. பயிற்சிக்கு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தவளுக்குக் குறுக்கே ஒரு நாய் ஓடியது. பயத்தில் அவள் வலது கையை இறுக்கிவிட்டாள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கிளப்பின் எல்லா வண்டியிலும் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கை பிரேக் பின் சக்கரத்துக்கு. இறக்கத்தில் வேகமாக வரும்போது முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் முன் சக்கரம் சட்டென்று நிற்கும், பின் சக்கரம் மேலே எழும்பும், ஓட்டுகிறவர் கைப்பிடியைத் தாண்டித் தலைகுப்புறப் போவார். அவளும் போனாள். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்தது. அதற்கு மாவுக்கட்டு கிடையாது, தோள்களைப் பின்னால் இழுத்து எட்டு மாதிரித் துணிப்பட்டை கட்ட வேண்டும். கட்டியது நான்தான். கட்டி முடித்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எலும்பு சேர்ந்த பிறகு வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அக்காவின் கணவர், என் அத்தான், சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு அவரே வாயைத் திறந்தார்.

"போதும்மா. சைக்கிள் வேணாம். வேற ஏதாவது விளையாடட்டும்."

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

"என்னையும் இப்படித்தான் நிறுத்தினாங்க. ஸ்கூல்ல ஓடிட்டிருந்தேன். ஒருதடவை முட்டி பேந்துச்சு. எங்கப்பா ஷூவைத் தூக்கிப் பரண் மேல போட்டாரு. அன்னைக்கு நின்ன காலுதான். இவனைக் கேளுங்க, இவன்தான் ஏணி பிடிச்சான்."

ஏணி பிடித்தது உண்மை.

"பயந்துகிட்டு ஒதுங்கினா, அவ காலம் பூரா பயந்தவளாவே இருப்பா" என்றாள் அக்கா. பஞ்சாயத்து முடிந்தது.

சில்வண்டிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், அன்று சாயங்காலம், வாசல் கேட் பக்கத்தில். பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட வரும் நேரம் அது. கொக்கு என்று ஒரு நெட்டைப் பெண், இவளுக்கு உயிர்த்தோழி, அவள்தான் முன்னால் வருவாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு மாமா. ராத்திரி படுத்தா விழுற மாதிரியே இருக்கு."

"அப்ப வேணாம்னு சொல்லேன். நான் பேசறேன் உங்கம்மாகிட்ட."

அவள் தெருவைப் பார்த்தாள். "அவங்க எல்லாரும் போயிட்ட அப்புறம் நான் மட்டும் கேட்ல நிப்பேன் இல்ல? அதுதான் இதைவிடப் பயம்."

எந்த எலும்பு எங்கே முறியும் என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தை கூட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டால் எது முறியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அவள் ஓடிவிட்டாள்.

அத்தான் தன் வழியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். ஒருநாள் நான் கடைக்குப் போனபோது அவளுடைய வண்டியைத் தாங்கியில் மாட்டிவைத்து, இரண்டு பிரேக் கம்பிகளையும் கழற்றிப் போட்டிருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"பயம் வந்தா உனக்கு எந்தக் கை தானா இறுக்குது?" என்று கேட்டார்.

"வலது."

"கையை மாத்த முடியாது. கம்பியை மாத்தலாம்." வலது கை பிரேக்கைப் பின் சக்கரத்துக்கும், இடதை முன் சக்கரத்துக்கும் மாற்றிக் கோத்தார். "இனிமே நீ எவ்வளவு பயந்து இறுக்கினாலும் பின் சக்கரம்தான் நிக்கும். கொஞ்சம் சறுக்கும், அவ்வளவுதான். தூக்கிப் போடாது."

எனக்கு அந்த மனிதரின் க்ரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டியைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாத காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி எங்கள் இருவரிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அம்மாகிட்டயும், கோச்சுகிட்டயும். கொக்குக்குத் தெரிஞ்சாக்கூட நான் செத்தேன்."

காரணம் இருந்தது. கிளப்பில் ஒரு பையனுக்கு அவனுடைய அப்பா கைப்பிடியில் பஞ்சுறை மாட்டி அனுப்பினாராம். மறுநாளே அவனுக்குத் தொட்டில் என்று பெயர் விழுந்தது. வண்டியைத் தொட்டால் போதும், எல்லோரும் சேர்ந்து தாலாட்டுப் பாடுவார்களாம். அவன் கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டான். இவளும் அந்தத் தாலாட்டைப் பாடியவள்தான்.

அதன்பின் தினமும் காலையில், பால்காரர் வருவதற்கும் முன்னால், அத்தான் சந்துக்குள் அவளை ஓடவிட்டுப் பின்னாலேயே ஓடினார். "வலது கை! வலது கை!" என்ற அவருடைய சத்தம் மாடியில் குடியிருக்கும் என்னைத் தினமும் எழுப்பியது. அவள் யோசிக்காமல் வலதைப் பிடிக்கும்வரை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது. ராத்திரி அலறுவது நின்றது. அக்கா, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

பந்தய நாள் வந்தது. நீர்த்தேக்கத்துக்குப் போகும் மலைச்சாலையை அடைத்திருந்தார்கள். மேலே இருந்து நீளமான இறக்கம், கீழே ஒரு கூர்மையான வளைவு, வளைவின் வெளிப்பக்கம் பழைய டயர்களை அடுக்கிய தடுப்பு, அதற்கு அப்பால் பாறை. கோச் என்னை முதலுதவிப் பையோடு வளைவில் நிற்கச் சொல்லியிருந்தார். அத்தானும் ஸ்பேனரோடு என் பக்கத்தில் நின்றார். அக்கா மேலே, பிள்ளைகளோடு.

பந்தயத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஒருதடவை இறங்கிப் பழகுவது வழக்கம். இரண்டு இரண்டு பேராக இறங்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஜோடியும் வளைவை நெருங்கும்போது கோச் ஒலிபெருக்கியில், "இடது கை, மெதுவா!" என்று கத்துவார். வளைவில் பின் பிரேக்கை மட்டும் தொட்டு வர வேண்டும் என்பது அவருடைய பாடம். ஒவ்வொருவரும் வளைந்து போவதற்குள் நான் முதலுதவிப் பையைத் திறந்து திறந்து மூடினேன். வந்து சேர்ந்தவர்கள் வண்டியைச் சாய்த்துவிட்டு, மற்றவர்களை வேடிக்கை பார்க்க டயர்களுக்குப் பக்கத்தில் கூடினார்கள்.

மூன்றாவது ஜோடி வந்தபோதுதான் கவனித்தேன். குள்ளமான பையனின் வண்டியில் சீட் ஏகத்துக்கு உயரமாக இருந்தது, அவனுக்குக் கால் எட்டவில்லை.

"என்ன கோச், இவன் வண்டி இல்லையா இது?"

கோச் சிரித்தார். "மாத்து ரவுண்டு சார். இதுங்களே வச்சிக்கிட்ட பழக்கம். பந்தயத்துக்கு முன்னாடி கூட்டாளியோட வண்டியில ஒருதடவை இறங்கணுமாம். மாட்டேன்னா கூட்டாளி மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தமாம். எல்லாம் ஒரே மாதிரி வண்டிதானே, நான் கண்டுக்கறதில்ல."

அத்தானின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததையேதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். சில்வண்டின் கூட்டாளி கொக்கு. கொக்கு அவளுடைய வண்டியில் இறங்குவாள். வளைவில், படித்த பாடத்தின்படி, இடது கையை இறுக்குவாள். அந்த வண்டியில் இடது கை முன் சக்கரம்.

அக்காவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மேலே கைதட்டிக்கொண்டு நின்றிருப்பாள், போன் பைக்குள் கிடந்திருக்கும். திரும்ப அடித்தேன்.

அதற்குள் மேட்டில் இரண்டு தலைகள் தெரிந்தன. முன்னால் வந்த வண்டியின் கைப்பிடியில் மஞ்சள் பட்டை. அத்தான் சுற்றிவிட்ட பட்டை அது. அதன்மேல் நீளமான கால்களோடு கொக்கு. கொஞ்சம் பின்னால், கொக்கின் வண்டியில், எங்கள் வீட்டுச் சில்வண்டு.

அத்தான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாலைக்குள் ஓடினார். "நிறு..." என்று அவர் தொடங்கியதும் நான் பாய்ந்து அவரை இழுத்து வாயைப் பொத்தினேன்.

"கத்தாதீங்க! நிறுத்துன்னா பிரேக்கைத்தானே பிடிப்பா!"

அவர் என் கைக்குள் மூச்சுத் திணறினார். கோச் பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். நான் அதைத் தட்டிப் பிடுங்கினேன். "சார், பைத்தியமா உங்களுக்கு?" என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லை. நாங்கள் மூன்று பெரிய மனிதர்கள். ஒரு குழந்தை பாறையை நோக்கி வருகிறது. ஒலிபெருக்கியில் 'வலது கை' என்று சொல்லலாம் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, வாயைத் திறக்காமல் நின்றோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் நான் பட்டதில்லை. அந்தப் பெண்ணின் கழுத்து, மணிக்கட்டு, மண்டையோடு எல்லாம் எனக்குக் கண்முன்னால் வந்து போயின.

சில்வண்டின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே கூட்டத்துக்கு நடுவில் சொல்ல வாய் வராமல், வழியில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். இது பிறகு தெரிந்தது. காற்றில் கொக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், இன்னும் வேகமாக மிதித்தாள். போட்டிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

வளைவு நெருங்கியது. கொக்கின் இடது கை விரல்கள் நீண்டு பிரேக்கின் மேல் படிந்தன.

"வலது கை!" என்று கத்தினாள் சில்வண்டு. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. "இடதைத் தொடாத! வலது கை பிடி! அந்த வண்டியில வலதுதான் பின்னாடி! எனக்குப் பயம்னு எங்கப்பா மாத்தி வச்சிருக்காரு!"

டயர்களுக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்டது. யாருக்குத் தெரிந்தால் செத்தேன் என்றாளோ, அவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

கொக்கு ஏன் என்று யோசிக்கவில்லை. ஒருவேளை அதற்காகத்தான் அந்தப் பிள்ளைகள் மாத்து ரவுண்டு வைத்திருந்தார்களோ என்னவோ. கோச் வருடக்கணக்காகச் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோழி சொன்ன கையைப் பிடித்தாள். பின் சக்கரம் சறுக்கியது. வண்டி அகலமாக வளைந்து, டயர் தடுப்பை உரசிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் நின்றது. அவள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு உயிரோடு நின்றாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தான் என் தோளில் சாய்ந்து அழுதார், சிரித்தார், இரண்டும் ஒன்றாக வந்தது. நாங்கள் இருவருமே கொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டி ஒன்று மாறினால் இரண்டும் மாறியிருக்கும். இந்தச் சின்னக் கணக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பிள்ளை கொக்கின் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். அந்த வண்டியில் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. வாய் வலது வலது என்று கத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னாலும் அதே வளைவு இருந்தது. அவள் யோசிக்காமல் வலது கையை இறுக்கினாள்.

சத்தம் கேட்டுத் திரும்பியபோது வண்டி மட்டும் தெரிந்தது, சக்கரம் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் டயர்களுக்கு இந்தப் பக்கம், தார்ச் சாலையில் கிடந்தாள்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் தலையை என் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. ஹெல்மெட் வெடித்திருந்தது. கண் மூடியிருந்தது. வலது முன்கை இருக்கக்கூடாத கோணத்தில் வளைந்திருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. கையை நான் சரிசெய்துவிடுவேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கால்களை.

"கண்ணு, மாமா பேசறேன். தலையைத் திருப்பாத. கால் விரலை ஆட்டு பாப்போம்."

ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கொக்கு வாயில் கையை வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஷூவுக்குள்ள விரலை ஆட்டும்மா. மாமாவுக்காக ஒரே ஒருதடவை."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், தெரியாததையும் கூப்பிட்டேன். பிறகு இடது ஷூவின் முனை அசைந்தது. அடுத்து வலது. கண்ணைத் திறந்தாள். நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து மூச்சு விட்டேன்.

"கொக்கு விழுந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லடி, நான் விழல" என்று அழுதுகொண்டே உட்கார்ந்தாள் கொக்கு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அத்தான் வந்தார். வளைவிலிருந்து நாலு எட்டுத்தான், அதை நடந்து வர அவருக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. மண்டியிட்டார். அவளைத் தொடப் பயந்து கையைக் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. திட்டு விழும் என்று நினைத்திருக்க வேண்டும். அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அப்பா, நான் மறக்கல. நீங்க சொன்ன கையைத்தான் பிடிச்சேன்."